உடல் மெலிய ஊசியும் மருந்துச் சீட்டும்

வைத்தியம் என்பது நான்கு உறுப்புக்களை உடையது என்று திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியிலே வகுத்துக் காட்டினார். நோயுற்றவன், நோய் தீர்க்கும் வைத்தியன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என்பன அந்நான்கு உறுப்புக்களாம். இந்நான்காமவனை நோயாளியைப் பேணுவோன் என்று கொள்வாரும் உளர். மருந்தைப் பிழையின்றி இயற்றிக் கொடுப்போன் என்று கொள்வாரும் உளர். எவ்வாறு கொள்ளினும், அவனின்றி மற்றை மூன்றும் பயன்படா என்பதே கருத்து. முதல் மூவரை உலகம் நன்கு அறியும். நான்காமவனையோ, பணத்தைப் பெற்றுக்கொண்டு மருந்தை எடுத்துத் தரும் வியாபாரி என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதை, இந்நாளில் நம் நகரத்திற் பெரும் பேச்சாயிருக்கும் ஒரு மருந்தைக் கொண்டு விளக்குவதே நம் நோக்கம். அம்மருந்துதான் உடற்பருமனைக் குறைக்கும் ஊசி மருந்து.

திருச்சிராப்பள்ளிக்கும் திருவரங்கத்துக்கும் மருத்துவத் தொண்டு புதிதன்று. திருவரங்கம் பெரிய கோயிலில் ஓர் ஆரோக்கியசாலை இருந்ததென்றும், அதனைக் கருடவாகன பட்டர் என்பார் புதுப்பித்துத் தன்வந்திரி எம்பெருமானை அங்கு எழுந்தருளுவித்தார் என்றும் 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று கூறும். தன்வந்திரி சந்நிதியை இன்றும் அக்கோயிலிற் காணலாம். காவிரியின் தென்கரையிலே, புத்தூரில், மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை ஏழைகளுக்கெல்லாம் புகலிடமாய் விளங்குகின்றது. அதனைச் சார்ந்த மருத்துவக் கல்லூரி, தமிழறிஞரும் இந்நகரத்தவருமான கி. ஆ. பெ. விசுவநாதம் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தில்லைநகர், உறையூர், கண்டோன்மென்டு, சத்திரம் பேருந்து நிலையச் சுற்றுப்புறம், திருவரங்கத்து வீதிகள் ஆகிய இடங்களிலெல்லாம் மருந்துக்கடைகள் நிறைந்துள்ளன. அவற்றுட் சில, தந்தைக்குப்பின் மகன் நடத்திவரும் தனிக்கடைகள். வேறு சில, 1980களிற் சென்னையில் தோன்றிய அப்போலோ, 2006இல் ஐதராபாத்தில் தோன்றிய மெட்பிளஸ் போன்ற பெருநிறுவனங்களின் கிளைக்கடைகள். 2025 பிப்ரவரி 24ஆம் நாள் தமிழ்நாடு முழுவதும் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. ஆகவே மருந்து வாங்க நாம் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. எந்த மருந்தை, எந்த முறையில் வாங்குவது என்பதே கேள்வி.

மருந்தின் வரலாறு

நாம் உண்ட உணவு குடலிற் சென்று சேருங்கால், குடற்சுவரிலுள்ள சில உயிரணுக்கள் ஜி.எல்.பி-1 என்னும் ஒரு சுரப்புநீரை இரத்தத்திற் கலக்கவிடுகின்றன. அது கணையத்தை அடைந்து, இரத்தத்திற் சர்க்கரை மிகுந்திருப்பின் இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றது; இரைப்பை விரைவில் வெறுமையாகாதபடி தடுக்கின்றது; மூளைக்கு ‘போதும்’ என்னும் செய்தியை அறிவிக்கின்றது. ஆயின் இயற்கையில் அதன் வாழ்நாள் சில நிமிடங்களே. ஊசியாக ஏற்றினாலும் உடனே சிதைந்துவிடுவதால், அதனை நேரே மருந்தாக்குதல் இயலாதாயிற்று.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க உதவியது ஒரு பல்லி என்றால் மாணவர் வியப்புறுவர். அமெரிக்கப் பாலைநிலங்களில் வாழும் கிலா என்னும் நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் இச்சுரப்பை ஒத்ததும், ஆனால் எளிதிற் சிதையாததுமான ஒரு பொருளை ஜான் எங் என்னும் வைத்தியர் 1992இற் கண்டறிந்தார். அதன்வழிப் பிறந்த எக்ஸெனடைடு என்னும் மருந்து 2005இல் அமெரிக்காவில் நீரிழிவுக்கு அங்கீகாரம் பெற்றது. பின்னர் விஞ்ஞானிகள் மனிதச் சுரப்பையே சிறிது மாற்றியமைத்து, வாரம் ஒருமுறை ஏற்றினாற் போதுமென்னும்படி நீடித்து நிற்கச் செய்தனர். அதுவே செமாக்ளுடைடு. ஜி.எல்.பி-1 ஐயும் அதனோடு ஒத்த மற்றொரு குடற்சுரப்பையும் ஒருங்கே போன்று தொழில்புரிவது டிர்செபடைடு. இவ்வாராய்ச்சியில் ஈடுபட்ட ஜோயல் ஹாபனர், சுவெத்லானா மோய்சோவ், லாட்டே நுட்சன் ஆகிய மூவருக்கும் 2024இல் லாஸ்கர் பரிசு வழங்கப்பெற்றது.

பயன் எத்துணை என்பதை ஆராய்ச்சிகள் கூறும். 2021இல் வெளியான ஒரு பரிசோதனையில் 1961 பேர் கலந்துகொண்டனர். 68 வாரம் செமாக்ளுடைடு பெற்றவர்கள் சராசரியாகத் தம் எடையில் நூற்றுக்கு 14.9 பங்கு குறைந்தனர். வெற்று ஊசி பெற்றவர்கள் 2.4 பங்கே குறைந்தனர். 2022இல் வெளியான டிர்செபடைடு பரிசோதனையில், மிகுந்த அளவு பெற்றவர்களுக்கு 72 வாரத்தில் 20.9 பங்கு குறைந்தது. இந்தியாவில் டிர்செபடைடு, மவுன்ஜாரோ என்னும் பெயரால் 2025 மார்ச்சிலும், உடற்பருமனுக்குரிய செமாக்ளுடைடு, வெகோவி என்னும் பெயரால் 2025 ஜூனிலும், நீரிழிவுக்குரிய செமாக்ளுடைடு ஊசி, ஒசெம்பிக் என்னும் பெயரால் 2025 டிசம்பரிலும் விற்பனைக்கு வந்தன.

இத்தகைய மருந்துக்கு நம் நாட்டில் தேவையில்லை என்று கூறுதல் இயலாது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் மிகையெடை உடையவர்கள். பருமனைச் சோம்பலின் பயன் என்று எள்ளுவது எளிது. பரம்பரை, சுரப்பிகளின் இயல்பு, உறக்கக் குறைவு, உணவின் மாற்றம், வேறு மருந்துகளின் விளைவு எனப் பல காரணங்கள் அதற்கு உள. அஃது ஒரு நாட்பட்ட நோய் என்றே இன்று உலக சுகாதார நிறுவனம் கருதுகின்றது. நோயுற்றோரை நகையாடுதல் கற்றோர்க்கு அழகன்று.

பழைய படிப்பினை

ஆயினும் உடல் மெலிவிக்கும் மருந்து என்றவுடனே எச்சரிக்கை கொள்ளுதற்கு வரலாறு காரணம் தந்துள்ளது. 1933இல் டைநைட்ரோபீனால் என்னும் இரசாயனப் பொருள் அமெரிக்காவில் மெலிவு மருந்தாகப் பரவிற்று. அது தேகத்தின் உள்வெப்பத்தை மிகுவித்து எடையைக் குறைத்தது உண்மையே. ஆனால் பலருக்குக் கண்புரையும், சிலருக்கு மரணமும் விளைத்தமையால் 1938இல் மனிதர் உட்கொள்ளத் தகாததென்று விலக்கப்பட்டது. பென்புளூராமின் இதய வால்வுகளைக் கெடுத்தமையால் 1997இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. சிபுட்ரமின் 2010இல் மேனாடுகளிலும் 2011இல் இந்தியாவிலும் ஒழிந்தது. இவையெல்லாம் ஒருகாலத்தில் அற்புத மருந்து என்று புகழப்பட்டவையே. இப்பொழுதுள்ள ஊசி மருந்துகள் அவற்றினும் மிக விரிவாகச் சோதிக்கப்பட்டவை என்பதில் ஐயமில்லை. எனினும் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் முதலியன இவற்றால் பலருக்கு உண்டாகும். பித்தப்பைக் கற்களும் கணைய அழற்சியும் சிலருக்கு உண்டாகலாம். தைராய்டு சுரப்பியில் ஒருவகைப் புற்றுநோய் தம் குடும்பத்தில் உடையோர்க்கும், கருவுற்ற மகளிர்க்கும் இவை ஆகா. இவ்வளவையும் ஆராய்ந்து அறிந்து கொடுக்க வேண்டியிருப்பதனாலேயே இவற்றுக்குச் சீட்டு வேண்டுமென்று சட்டம் விதித்தது.

சீட்டைப்பற்றிச் சட்டம் கூறுவது

1940ஆம் ஆண்டு மருந்துகள் சட்டமும், 1945ஆம் ஆண்டு விதிகளும், 1948ஆம் ஆண்டு மருந்தியற் சட்டமும் இத்துறையை ஆள்வன. விதிகளில் 65ஆவது விதி ஒவ்வொரு மருந்துக்கடைக்காரரும் மனப்பாடமாக அறிந்திருக்கவேண்டியது. அதன் சாரத்தை ஈண்டுத் தருகின்றோம்.

சீட்டின்பேரில் மட்டுமே விற்கத்தக்க மருந்தை, பதிவுபெற்ற மருந்தாளுநர் தாமே கொடுக்கவேண்டும். அல்லது அவர் கண்முன்னே கொடுக்கப்படவேண்டும். சீட்டானது எழுத்தில் அமைந்து, பதிவுபெற்ற வைத்தியரின் கையொப்பமும் தேதியும் உடையதாய் இருத்தல் வேண்டும். யாருக்காக மருந்து எழுதப்பட்டதோ அவரது பெயரும் முகவரியும், மருந்தின் மொத்த அளவும், உட்கொள்ளும் அளவும் அதிற் காணப்படவேண்டும். மறுமுறையும் கொடுக்கலாம் என்று வைத்தியர் எழுதியிருந்தாலன்றி, ஒரு சீட்டுக்கு ஒருமுறையே மருந்து தரலாம். இத்தனை முறை, இத்தனை நாள் இடைவெளியில் என்று எழுதியிருந்தால் அதற்கு மாறாகத் தரலாகாது. கொடுத்தவுடன் கடையின் பெயரையும் முகவரியையும் கொடுத்த நாளையும் சீட்டிலேயே, வைத்தியரின் கையொப்பத்துக்கு மேலாகக் குறித்தல் வேண்டும். சீட்டிலுள்ள மருந்துக்குப் பதிலாக வேறொன்றை, அஃது அதே சரக்கைக் கொண்டதாயினும், கடைக்காரர் தம் விருப்பப்படி மாற்றிக் கொடுத்தலும் கூடாது.

இவ்விதிகள் வெறும் அலுவலகச் சடங்குகளல்ல. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு தீங்கைத் தடுக்கும் கருத்து உளது. இவ்வூசி மருந்து அதனை நன்கு விளக்கும்.

கடையில் நிகழ்வது

வாடிக்கையாளர் ஒருவர் சீட்டைக் கொணர்ந்து கொடுக்கின்றார் என்று கொள்வோம். மருந்தாளுநர் முதலில் நோக்குவது நாளும் பெயரும் கையொப்பமும். அடுத்து நோக்குவது அளவு. செமாக்ளுடைடை உடற்பருமனுக்குக் கொடுக்குங்கால் வாரத்துக்கு 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கொரு படியாக 0.5, 1, 1.7 என ஏறி 2.4 மில்லிகிராமை அடைவது முறை. டிர்செபடைடு 2.5 மில்லிகிராமில் தொடங்கும். நான்கு வாரத்துக்குப்பின் 5 மில்லிகிராம் ஆகும். தொடக்க அளவு எடையைக் குறைப்பதற்கன்று, தேகத்தைப் பழக்குவதற்கே ஆம். முதன்முறை வருபவரின் சீட்டில் உயர்ந்த அளவு காணப்படின், மருந்தாளுநர் வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டறிதல் வேண்டும். ஒருகால் அவர் முன்னரே வேறிடத்தில் ஊசி பெற்றுவந்தவராயிருக்கலாம், ஒருகால் எழுத்துப்பிழையாயிருக்கலாம். இரண்டனுள் எது என்பதை ஊகித்து அறிதல் தகாது.

கிளைக்கடைகளில் வாடிக்கையாளரின் பழைய கொள்முதல் கணினியிற் பதிவாகியிருக்கும். அவர் இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளோ வாங்கிவருகின்றார் என்பது அதனால் தெரியவரின், மருந்தாளுநர் அதனை எடுத்துரைத்தல் வேண்டும். ஏனெனில் இரண்டும் சேருங்கால் சர்க்கரை அளவுக்குமேல் இறங்கிவிடக்கூடும். நம் ஊரில் இது சிறிய செய்தியன்று. வைகுண்ட ஏகாதசியன்று திருவரங்கத்தில் பல்லாயிரவர் உண்ணாநோன்பு இருப்பர். ரமலான் மாதத்தில் நம் முஸ்லிம் சகோதரர்களும், தவக்காலத்தில் கிறிஸ்தவர்களும் நோன்பு நோற்பர். நோன்பு வருமுன்னரே தம் வைத்தியரைக் கேட்டு மருந்தளவை ஒழுங்குசெய்துகொள்ளுமாறு கூறும் மருந்தாளுநர் ஓர் உயிரைக் காத்தவரே ஆவார்.

அதன்பின் ஊசியைப் பயன்படுத்தும் வகையைக் கற்பித்தல். சில மருந்துகள் ஒற்றையளவு அடங்கிய சிறுகுப்பிகளாக வரும். சில, நான்கு வாரத்துக்குரிய நான்கு அளவும் அடங்கிய பேனாக்களாக வரும். வயிற்றிலோ தொடையிலோ தோலின்கீழ் ஏற்றவேண்டும். ஒற்றையளவுக் குப்பியை இருமுறைக்குப் பகிர்ந்து வைத்துக்கொள்ளுதல் கூடாது. பேனாவை ஒருவர்க்கு மேற்பட்டோர், ஊசிமுனையை மாற்றினாலும், பகிர்ந்துகொள்ளலாகாது. கணவனும் மனைவியும்கூட இவ்விதிக்கு விலக்கல்லர். பயன்படுத்திய ஊசியைக் குப்பையில் எறிந்தால் துப்புரவுத் தொழிலாளியின் கையிற் குத்தும். கெட்டியான புட்டியில் இட்டு மூடி வைத்தல் வேண்டும். கடுமையான வயிற்றுவலி விடாது நிற்பின் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள நேரின், இவ்வூசி பெறுவதை மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் மறவாது சொல்லவேண்டும். இரைப்பையில் உணவு நெடுநேரம் தங்கியிருக்கும் ஆதலின்.

குளிரும் கோடையும்

இம்மருந்துகள் 2 முதல் 8 சென்டிகிரேடு வெப்பநிலையில் வைக்கப்படவேண்டியவை. உறைந்துபோனால் கெட்டன, மீண்டும் உருகினாலும் பயன்படா. சித்திரை வைகாசியில் திருச்சிராப்பள்ளியின் வெயில் 40 பாகையை எட்டுவதை நாம் அறிவோம். கிடங்கிலிருந்து கிளைக்கடைக்குப் பனிப்பெட்டியில் வந்து, கடையின் குளிர்சாதனப் பெட்டியில் வெப்பமானியின் காவலில் இருந்த மருந்து, வாங்கியவரின் கைப்பையில் ஏறிச் சத்திரம் பேருந்து நிலையத்தில் அரைமணி நின்று, காவிரிப் பாலம் கடந்து, திருவரங்கம் சென்று சேர்வதற்குள் வெப்பமுறுதல் கூடும். சில மருந்துகள் 30 பாகைக்குட்பட்ட வெப்பத்தில் சில வாரம் தாங்கும் என்பது உண்மையே. ஆயினும் வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் வெப்பம் 30 பாகையோடு நிற்பதில்லை. ஆதலால் மருந்தாளுநர் குளிர்க்கட்டியோடு கூடிய சிறு பையில் இட்டுக் கொடுத்தலும், வாங்குவோர் வேறு வேலைகளையெல்லாம் முடித்துக்கொண்டு கடைசியில் மருந்தை வாங்கி நேரே வீடு செல்லுதலும் நலம். வீட்டிலும், குளிர்சாதனப் பெட்டியின் பனி உறையும் அறைக்கு அருகில் வையாது, நடுத்தட்டில் வைத்தல் வேண்டும்.

விலையும் போலியும்

மவுன்ஜாரோ அறிமுகமானபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாயும், 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாயுமாக விலை குறிக்கப்பட்டது. வாரம் ஒரு குப்பியாதலின், அப்போது முதல் நான்கு வாரத்துக்கே 14,000 ரூபாய் வேண்டியிருந்தது. செமாக்ளுடைடின் இந்தியக் காப்புரிமைக்குரிய காலவெல்லை 2026 மார்ச்சு. அதன்பின் இந்நாட்டு நிறுவனங்கள் அதனைச் செய்து விற்பதற்கு அத்தடை இல்லை. விலை குறைதல் ஏழைகட்கு நன்மையே. ஆயின் விலை குறையக் குறைய, தேவையில்லாதோர் கைக்கும் மருந்து எளிதிற் செல்லும் என்பதையும் நினைத்தல் வேண்டும்.

மற்றொரு செய்தியும் விலையைச் சார்ந்தது. ஊசியை நிறுத்தியவர்கள், இழந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றனர் என்று ஆராய்ச்சி கூறுகின்றது. ஆகவே மூன்று மாதத்துக்கு மட்டும் பணம் சேர்த்துக்கொண்டு தொடங்குவோர் முன்னரே இதனை அறிந்திருத்தல் நலம். வைத்தியர் சொல்லத் தவறினும், மருந்தாளுநர் சொல்லலாம். வருகின்ற வாடிக்கையை இழக்க நேரினும் சொல்லவேண்டுவது அவர் கடமை.

விலை மிகுந்த பொருளுக்குப் போலி தோன்றுதல் உலக இயற்கை. பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் 2023இற் பிடிபட்ட போலி ஒசெம்பிக்கைக் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விடுத்தது. நண்பர் மூலமாகவோ, உடற்பயிற்சிக் கூடத்தின் வாயிலாகவோ, முகமறியாதாரிடம் கைப்பேசி வழியாகவோ வாங்கும் மருந்தில் என்ன இருக்கின்றதென்று ஒருவரும் சொல்ல இயலாது. உரிமம் பெற்ற கடையில், தொகுதி எண்ணும் காலாவதி நாளும் குறித்த பில்லோடு வாங்கினால், தீங்கு நேர்ந்தவிடத்து அம்மருந்து எங்கிருந்து வந்ததென்று தொடர்ந்து சென்று காணலாம். சிலர் வரிக்கு அஞ்சியோ, வெட்கத்தாலோ பில் வேண்டாவென்பர். அவர்கள் தம் பாதுகாப்பையே வேண்டாவென்கின்றனர்.

மறுத்தலும் ஒரு தொண்டு

இனி, மாணவர்களுக்குச் சிறப்பாகச் சொல்லவேண்டிய ஒன்று. தன் திருமணத்தை முன்னிட்டோ, நிழற்படத்தில் அழகாகத் தோன்றும்பொருட்டோ, சிறிது மெலிய விரும்பும் இளைஞரும் யுவதியரும் சீட்டின்றி இவ்வூசியைக் கேட்பதுண்டு. 160 சென்டிமீட்டர் உயரமும் 58 கிலோ எடையும் உள்ள ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது 22.7. இஃது இந்தியர்க்குரிய நல்ல அளவான 23க்கு உட்பட்டதே. இவ்வூசிகளோ, அவ்வெண் 30க்குக் குறையாதவர்க்கும், 27க்குக் குறையாது அதனோடு நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலிய நோயுடையவர்க்கும் என அங்கீகரிக்கப்பட்டவை. அம்மாணவியின் உயரத்துக்கு 30 என்பது ஏறக்குறைய 77 கிலோ எடையாகும். நோயில்லாத உடலுக்கு இம்மருந்தைக் கொடுத்தால், கொழுப்போடு தசையும் கரையும், குமட்டலும் சோர்வும் படிப்பைக் கெடுக்கும், பெறுவது ஒன்றுமில்லை.

அப்பொழுது மருந்தாளுநர் ‘சீட்டில்லாமல் தர இயலாது’ என்று கூறுவர். கேட்டவர் சினந்து, ‘பணம் கொடுக்கின்றோமே, பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்கின்றோம்’ என்பர். கிளைக்கடைகளில் மாதந்தோறும் விற்பனைக் கணக்கைக் கேட்கும் மேலதிகாரிகளும் உளர். வாடிக்கையாளரின் சினம் ஒருபுறமும் விற்பனைக் கணக்கு மற்றொருபுறமும் நெருக்க, சம்பளத்துக்கு உழைக்கும் ஓர் இளைஞர் ‘முடியாது’ என்று சொல்லி நிற்பதற்கு எத்துணை மனவுறுதி வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அச்சொல் அவருக்கு நட்டம், நமக்கோ காவல். அவரைச் சினவாது ஏற்றுக்கொள்ளுதல் நாம் அவருக்குச் செய்யத்தக்க மிகச்சிறிய உதவி. மறுப்பதோடு நில்லாமல், ‘புத்தூர் அரசு மருத்துவமனையில் வைத்தியரைக் கண்டு வாருங்கள்’ என்று வழியும் காட்டுபவராயின் அவரே சிறந்த மருந்தாளுநர்.

அங்ஙனமே உண்மையில் மருந்து வேண்டியவராய், முறையான சீட்டோடு வரும் பருமனுடையார் ஒருவரை, பிறர் கேட்கும்படி மருந்தின் பெயரை உரக்கக் கூவியும், நடந்தாற் போதுமே என்று அறிவுரை கூறியும் நாணச் செய்தல் பெரும் பிழை. அவர் வீதி வலம்வந்து நடந்தும், உணவைக் குறைத்தும், பல்லாண்டு முயன்று களைத்தபின்னரே அச்சீட்டைப் பெற்றிருத்தல் கூடும். தாழ்ந்த குரலிற் பேசுதலும், அமர்ந்து கேட்க ஓரிடம் தருதலும் பணச் செலவில்லாத தருமங்கள்.

நம் கல்லூரியிற் பயின்ற பழைய மாணவர் பலர் மருந்துத் துறையிலும் மருத்துவத் துறையிலும் தொண்டாற்றி வருகின்றனர். இவ்வாண்டு வெளியேறும் மாணவருள்ளும் சிலர் அவ்வழியிற் செல்லக்கூடும். விற்ற மருந்தின் கணக்கை நிறுவனம் எழுதிக்கொள்ளும். விற்க மறுத்து ஒருவரைக் காத்த கணக்கை எவரும் எழுதுவதில்லை. எழுதப்படாத அக்கணக்கே நான்காம் உறுப்பாய் நிற்பவனது உண்மையான பெருமை. சீட்டை நீட்டுவோர் அதனை மதிப்பாராக. சீட்டைப் பெறுவோர் அதற்குத் தக நிற்பாராக.